கோத்தகிரியில் வெயில், தேவாலாவில் மழை

ஜூலை மாதத்தில் எங்கள் நீலகிரி மாவட்டத்துப் பள்ளி விடுமுறை அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். கூடலூர், பந்தலூர் தாலுகாக்களுக்கு மட்டும் விடுமுறை என்று வரும். சில நாள் குந்தா சேரும், சில நாள் ஊட்டியும் சேரும். கோத்தகிரியில் அன்றைக்கு நல்ல வெயில் அடிக்கும். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவார்கள். நவம்பர் வந்தால் எல்லாம் தலைகீழ். கோத்தகிரியிலும் குன்னூரிலும் விடிய விடிய ஊற்றும், கூடலூரில் வாசலில் துணி காயும்.

தென்மேற்குப் பருவமழை நீலகிரியின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை கிழக்குச் சரிவைப் பிடித்துக்கொள்கிறது. ஆறே தாலுகா உள்ள சின்ன மாவட்டம்தான். ஆனால் ஊட்டியில் இருக்கும் கலெக்டர் ஜன்னலைத் திறந்து பார்த்தால் அவருக்குத் தெரிவது ஊட்டி வானம் மட்டுமே. பந்தலூர் பக்கம் தேவாலாவில் ரோட்டில் தண்ணீர் ஓடுகிறதா, சேரம்பாடியில் மரம் விழுந்திருக்கிறதா என்பது ஜன்னலில் தெரியாது. அதனால் விடியற்காலையில் தாசில்தார்களைக் கேட்கிறார்கள். தாசில்தார் வி.ஏ.ஓ.வைக் கேட்கிறார். அப்புறம்தான் அறிவிப்பு வருகிறது. அரசாங்கம் எழுதும் எத்தனையோ உத்தரவுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரண்டு வரி உத்தரவுதான். தன் கண்ணுக்கு எட்டாததைப் பற்றி முடிவெடுக்கும் முன், கண்ணுக்கு எட்டுகிற ஒருவரைக் கேட்டுவிட்டு எழுதியது அது.

இதே பண்பு ஊட்டியிலிருந்து சென்னைக்குப் போகும்போது குறைகிறது, சென்னையிலிருந்து டெல்லிக்குப் போகும்போது கிட்டத்தட்ட இல்லாமலே போய்விடுகிறது. ரொம்ப நாளாக எனக்கு இருக்கும் கவலை இது. கட்சி பார்த்து வரும் கவலை இல்லை. எந்தக் கட்சி வந்தாலும் மாறாமல் இருப்பதால்தான் கவலை.

மழையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மழையில் உயிர் போகிறது. 2009 நவம்பர் 10 அன்று கேத்தியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அந்த வாரத்து மண்சரிவுகளில் மாவட்டம் முழுக்க 40 பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் மறுபடியும் 80 செ.மீ.க்கு மேல். முதலாவது வடகிழக்குப் பருவத்தில், இரண்டாவது தென்மேற்குப் பருவத்தில். இரண்டுமே ஒரே மாவட்டம். இப்படிப்பட்ட மாவட்டத்துக்கு மேலிடத்திலிருந்து 'நீலகிரியில் கனமழை' என்று ஒரு எச்சரிக்கை வந்தால், எந்த லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) ஆட்களை எழுப்பிக் கூட்டிப் போவது?

எங்கள் பக்கத்துப் பழைய எஸ்டேட் ஒன்றின் ஆபீஸில் மழைப் பதிவேடு இருக்கிறது. அட்டை போட்ட நீள நோட்டுகள், அலமாரியில் வரிசையாக. வெளியே புல்தரையில் மழைமானி: மேலே ஒரு புனல், உள்ளே ஒரு பாட்டில், பக்கத்தில் அளவுக் கண்ணாடி. தினமும் காலை எட்டரைக்கு ரைட்டர் பாட்டிலை எடுத்துக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து எழுதுவார். தேதி, மழை, கடைசியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தைப் படித்துக்கொண்டே இருக்கலாம். 'அஞ்சாம் நம்பர் காட்டு ரோடு உட்கார்ந்துவிட்டது.' 'ஓடைத் தண்ணீர் சிவப்பு.' 'கொழுந்து எடுக்க ஆள் வரவில்லை, பாலத்துக்கு மேல் தண்ணீர்.' மாதக் கடைசியில் மழைக் கணக்கு மட்டும் ஒரு தாளில் எழுதி ஹெட் ஆபீஸுக்குப் போகும். குறிப்புக் கட்டம் போகாது. அந்தத் தாளில் அதற்கு இடமே கிடையாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. எண்ணைக் கூட்டலாம், சராசரி எடுக்கலாம், இன்னொரு மாவட்டத்தோடு ஒப்பிடலாம். 'ஓடைத் தண்ணீர் சிவப்பு' என்பதை எதோடு கூட்டுவது?

ஆனால் சரிவு வருமா வராதா என்பதற்குச் சேதி அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது. அந்த எஸ்டேட்டில் கொழுந்து எடுத்து இப்போது ஓய்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா இருக்கிறார். சிறு பிள்ளையாகச் சிலோனிலிருந்து வந்தவர். 2009-ல் அவர் லயத்துக்கு மேலே இருந்த ஊற்று, எத்தனை மழையிலும் கண்ணாடி மாதிரி வருவது, அன்றைக்குச் சாயங்காலம் கலங்கி வந்திருக்கிறது. "குடத்துல புடிச்சுப் பாத்தேன் தம்பி, அடியில மண்ணு நிக்குது. மலை உள்ளுக்குள்ள கரையுதுன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார். லயத்து ஜனத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு மேலே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். இரவு இரண்டு வீடு போய்விட்டது, ஆட்கள் தப்பினார்கள். மண்ணியல் படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: ஊற்று திடீரென்று கலங்கினாலோ நின்றுபோனாலோ, மரம் சாய ஆரம்பித்தாலோ, சரிவு நகர ஆரம்பித்துவிட்டது. படிப்பும் அக்காவும் ஒன்றையே சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சாயங்காலம் ஊற்றுக்குப் பக்கத்தில் இருந்தது அக்கா.

பந்தலூரைத் தாண்டினால் வயநாடு. 2024 ஜூலை 30 விடியலுக்கு முன்னால் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணோடு போயின. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். கூடலூர், பந்தலூர் பக்கத்தில் அங்கே உறவு இல்லாத வீடு குறைவு. மறுநாள் என்ன நடந்தது என்று நினைவிருக்கிறதா? மாநிலங்களவையில் உள்துறை அமைச்சர் அமித் ஷா, 23-ஆம் தேதியிலிருந்தே கேரளத்துக்கு எச்சரிக்கை அனுப்பினோம் என்றார். அப்போது கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன், 29-ஆம் தேதி வரை வயநாட்டுக்கு வந்தது ஆரஞ்சு எச்சரிக்கைதான், சரிவு நடந்த பிறகுதான் சிவப்பு வந்தது என்றார். டெல்லிக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே யார் சொன்னது சரி என்று நாட்கணக்கில் விவாதம் ஓடியது.

இரண்டு பக்கமும் பேசாத ஒன்று இருந்தது. கல்பற்றாவில் ஹியூம் மையம் என்று ஒரு சிறிய ஆய்வு நிறுவனம் இருக்கிறது. விவசாயிகளிடமும் தோட்டக்காரர்களிடமும் மழைமானிகளைக் கொடுத்து, அவர்கள் அனுப்பும் தினக் கணக்கை வைத்துச் சரிவு அபாயத்தைக் கணிக்கிறவர்கள். முண்டக்கைக்குப் பக்கத்து மலைகளில் பெய்த மழையின் அளவைப் பார்த்து, முந்தைய நாளே மாவட்ட நிர்வாகத்துக்கு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள். தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். அவர்கள் சொன்னால் உடனே ஆட்களை நகர்த்த வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இல்லை. மேலிருந்து வரும் நிறத்துக்குக் கீழே உத்தரவு இருக்கிறது. கீழிருந்து வரும் சேதிக்கு மேலே உத்தரவு இல்லை.

தலைவரிடம் அடக்கம் வேண்டும் என்று நான் சொல்லும்போது இதைத்தான் சொல்கிறேன். கைகூப்பி நிற்பதோ, எளிமையாக உடுத்துவதோ, மேடையில் கீழே உட்காருவதோ நல்ல பழக்கங்கள்தான், அவற்றைக் குறை சொல்லவில்லை. எனக்கு வேண்டிய அடக்கம் ஏற்பாட்டில் இருக்க வேண்டும். இந்த நாற்காலியிலிருந்து எனக்கு எது தெரியாது என்று ஒருவர் யோசித்து, அது தெரிந்தவர் என் உத்தரவை நிறுத்தி வைக்கவோ திருப்பி அனுப்பவோ ஒரு வழியைத் தானே கட்டி வைப்பது. அந்த வழி இல்லாத இடத்தில் எவ்வளவு நல்லவர் உட்கார்ந்தாலும் கதை ஒன்றுதான்.

நல்லவர், கெட்டிக்காரர் என்பதெல்லாம் இதில் உதவாது என்பதற்கு ராஜாஜியை விடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. 1952-ல் மதராஸ் மாநில முதல்வரானதும் அவர் செய்த பெரிய காரியம், போர்க்காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தது. மத்திய உணவு அமைச்சராக இருந்த ரஃபி அகமது கித்வாய் பக்கபலமாக நின்றார். பஞ்சம் வரும் என்று பயமுறுத்தியவர்கள் உண்டு. எந்தக் களத்தில் எவ்வளவு நெல் இருக்கிறது, எந்த ஊருக்கு எப்போது வண்டி போகும் என்பது கோட்டையில் இருக்கும் அதிகாரிகளைவிட ஊர் ஊராக இருக்கும் விவசாயிக்கும் வியாபாரிக்கும் தெரியும் என்று நம்பி எடுத்த முடிவு அது. அரிசி வெளியே வந்தது. சரி. அதே மனிதர், அடுத்த வருஷமே, கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பாதி நேரம் பாடம், மீதி நேரம் பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். வண்ணாரின் பிள்ளை என்னவாக வேண்டும் என்பதை வண்ணாரையும் கேட்கவில்லை, பிள்ளையையும் கேட்கவில்லை. பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வி என்று சொல்லி ஊர் ஊராக எதிர்த்தார்கள். 1954-ல் ராஜாஜி விலகினார்; காமராஜர் வந்து திட்டத்தைக் கைவிட்டார். இரண்டு வருஷத்துக்குள் ஒரே மூளை, ஒரே நேர்மை, ஒரே உழைப்பு. நெல் விஷயத்தில் தனக்குத் தெரியாது என்பது தெரிந்திருந்தது. பிள்ளைகள் விஷயத்தில் தெரியவில்லை. அந்தத் திட்டத்தை நிறுத்தியது அவருடைய மனமாற்றம் அல்ல. தெருவில் நின்ற ஜனங்கள், சட்டசபையில் எழுந்த குரல்கள், அவருடைய கட்சிக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பு. திருப்பி அனுப்பும் வழி திறந்திருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் மலையில் அந்த வழி நூறு வருஷத்துக்கு மேல் அடைத்துக் கிடந்ததற்கு ஒரு சாட்சி வேண்டுமென்றால் புல்வெளியைப் பாருங்கள். நீலகிரியின் மேல்தளம் ஒரு காலத்தில் புல்லும் சோலையுமாக இருந்தது. பள்ளங்களில் சோலை, மேட்டில் எல்லாம் புல். மழையைக் குடித்து வைத்துக்கொண்டு கோடை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவது இந்தப் புல்லும் அதன் கீழ் இருக்கும் சதுப்பும்தான். இந்த மலையின் பழங்குடிகளான தோதர்களுக்கு அது எருமை மேயும் நிலம், கோயில் கூரைக்கு வேண்டிய புல் கிடைக்கும் இடம். அந்தப் புல் எல்லா இடத்திலும் வராது, சதுப்பில்தான் வரும். வெள்ளைக்காரர்களின் கணக்குப் புத்தகத்தில் இந்த நிலத்துக்குக் கிடைத்த இடம் 'வீண் நிலம்'. மரமும் இல்லை, உழவும் இல்லை, வரியும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகை மரமும் (வாட்டில்) வந்தன. முதலில் விறகுக்கு. சுதந்திரம் வந்தபின் கணக்குப் புத்தகம் கை மாறியது, கட்டம் மாறவில்லை. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் கூழுக்குக் கற்பூர மரம் என்று ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் நடவு இன்னும் வேகமாகப் போனது. இன்றைக்கு அதே வனத்துறை சீகையை வெட்டி எடுத்துப் புல்வெளியை மீட்கப் பாடுபடுகிறது. வெட்டினால் மறுபடி முளைக்கிறது. மண்ணில் விதை அப்படிக் கிடக்கிறது.

நட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. அந்தக் காலத்து வனவியலில் தேர்ந்தவர்கள். மரம் இல்லாத இடத்தில் மரம் வைப்பது நல்ல காரியம் என்று உண்மையாக நம்பியவர்கள். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. அவர்கள் புத்தகத்தில் இருந்த எல்லாமும் சரியாகவே இருந்தது, எருமைக்காரருக்குத் தெரிந்தது மட்டும் அதில் இல்லை. இவ்வளவு பெரிய காரியம் என்பதால் மீட்கவும் அவ்வளவு பெரிய செலவு. ஒரு மலையில் மட்டும் நட்டுப் பார்த்து, பத்து வருஷம் ஓடையைக் கவனித்திருந்தால் தெரிந்திருக்கும். தெரியாது என்று நினைக்கிறவர்தான் கொஞ்சமாகச் செய்து பார்ப்பார்.

நிலத்துக்கு நடந்தது மனிதருக்கும் நடந்தது. மேலே சொன்ன அக்காவின் கதை அதுதான். 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளி மக்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த 1,50,000 பேரை 1974-ல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். சாஸ்திரியின் எளிமையையும் நேர்மையையும் யாரும் சந்தேகப்பட முடியாது. என் வீட்டிலேயே அவர் படம் இருந்தது. ஆனால் அந்த மேசையில் இருந்த எண்களில் ஒருவர்கூட மனிதராகக் கேட்கப்படவில்லை. இலங்கை மலையகத் தொழிலாளர் தலைமையையும் கலந்து பேசவில்லை.

"எங்களக் கேட்டா தம்பி எழுதுனாங்க? தலைமன்னார்ல கப்பல் ஏறுன அன்னைக்குத்தான் எங்கப்பாவுக்கே வெளங்குச்சு. பெரியப்பா அங்க நின்னுட்டாரு. அதுக்கப்புறம் ரெண்டு பேரும் பாக்கவே இல்ல." மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்தப் பக்கம் வந்திருக்கிறார்கள். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கினார்கள். கூடலூர், குன்னூர், கோத்தகிரி என்று பரவினார்கள். அந்தத் தோட்டங்களுக்காகக் காடு வெட்டப்பட்டது. அங்கே ஏற்கெனவே இருந்த பழங்குடிகளை அப்போதும் யாரும் கேட்கவில்லை. கேட்காமல் எடுத்த ஒரு முடிவு, கேட்காமல் இன்னொரு முடிவை எடுக்க வைக்கிறது.

இனி கோத்தகிரிக்கு வருகிறேன், இது எங்கள் ஊர்க் கதை. 2010 பிப்ரவரியில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்க நினைப்பவர்கள் பல மாநிலங்களிலிருந்து இங்கே கூடினார்கள். அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷும் வந்திருந்தார். அடுத்த மாதமே மாதவ் காட்கில் தலைமையில் ஒரு நிபுணர் குழு அமைந்தது. 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார்கள். குஜராத் எல்லையிலிருந்து கன்னியாகுமரி வரை மலைத்தொடர் முழுவதையும் கட்டம் கட்டமாகப் பிரித்து மூன்று தர மண்டலங்களாக வகுத்திருந்தார்கள். ஒவ்வொரு கட்டமும் ஏறக்குறைய 9 கி.மீ.க்கு 9 கி.மீ. அந்த அளவில் ஒரு கட்டத்துக்குள் எஸ்டேட், ஹட்டி (படுகர் ஊர்), சோலை, பஸ் ஸ்டாண்டு எல்லாம் அடங்கிவிடும். காட்கிலுக்கு அது நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த எல்லைகள் தற்காலிகமானவை, கிராம சபைகள் வரை கொண்டுபோய்ப் பேசி இறுதி செய்ய வேண்டும் என்று அறிக்கையிலேயே எழுதினார். தன் வரைபடத்தின் மேலேயே 'இது முடிவல்ல' என்று எழுதி வைத்த நிபுணரை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அந்த அறிக்கை கிராம சபைக்கு வரவே இல்லை. மத்திய அமைச்சகம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. தகவல் அறியும் சட்டத்தில் கேட்டு, மத்தியத் தகவல் ஆணையம் உத்தரவிட்டு, டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், 2012 மே மாதம்தான் வெளியே வந்தது. அதற்குள் மலைப் பகுதிகளில் வதந்தி பரவிவிட்டது: வீடு கட்ட முடியாது, எருவு போட முடியாது, எல்லாரையும் காலி செய்வார்கள் என்று. அறிக்கையைப் படிக்காதவர்கள் எதிர்த்தார்கள், படிக்கக் கொடுக்காதவர்கள் எதிர்ப்பைக் காட்டினார்கள். பிறகு கஸ்தூரிரங்கன் தலைமையில் இன்னொரு குழு. 2013-ல் அவர்கள் அறிக்கை வந்தது. செயற்கைக்கோள் படத்தை வைத்து மலைத்தொடரில் சுமார் 37 சதவீதத்தைச் சூழல் கூருணர்வுப் பகுதி என்று குறித்தார்கள். படம் முன்னதைவிட மிகத் துல்லியம். கிராம அளவில் எல்லை. ஆனால் கீழே கேட்டு முடிவு செய்யலாம் என்ற அந்த வாசல் மூடிவிட்டது. துல்லியமான படம் கையில் வந்ததும் ஊரைக் கேட்கும் அவசியம் போய்விட்டது என்று நினைத்துவிட்டார்கள் போல. வானத்திலிருந்து பார்த்தால் எங்கள் தேயிலையும் பச்சை, சீகைக் காடும் பச்சை, சோலையும் பச்சை. எது எது என்று பிரித்துச் சொல்லும் தொழில்நுட்பம் வளர்ந்திருக்கிறது, மறுக்கவில்லை. எந்தச் சரிவில் வீடு கட்டக் கூடாது என்று அக்காவின் மாமியார் சொன்னார் என்பது எந்தப் படத்திலும் வராது.

அந்தப் பகுதியைச் சட்டப்படி அறிவிக்க 2014-லிருந்து வரைவு அறிவிக்கை வருகிறது, காலாவதியாகிறது, மறுபடி வருகிறது. ஆறாவது வரைவு வந்தது 2024 ஜூலை 31, முண்டக்கை புதைந்ததற்கு மறுநாள். ஆறு மாநிலங்களில் 56,800 ச.கி.மீ.க்கு மேல், ஆட்சேபம் சொல்ல 60 நாள். பத்து வருஷத்தில் ஆறு வரைவு எழுதியவர்கள் ஒரு தடவை கிராம சபைகளில் படித்துக் காட்டியிருந்தால் இதற்குள் ஏதோ ஒரு வடிவத்தில் முடிந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். எந்த மொழியில் படித்துக் காட்டுவது என்பதிலும் சண்டை இருக்கிறது. 2020-ல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு வந்தபோது, அதை அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளிலெல்லாம் வெளியிட வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. கருத்துக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டு, கேட்கப்படுகிறவருக்குப் புரியாமல் இருக்க வழக்கு நடத்துவது எந்த ஊர் நியாயம்?

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் எல்லாவற்றையும் ஊரிடமே விட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊருக்கும் கண் எட்டாத இடங்கள் உண்டு. 1961-ல் எங்கள் உருளைக்கிழங்குக் காடுகளில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் குண்டூசித் தலையைவிடச் சின்னதாக ஒட்டிக்கொண்டிருக்கும். செடி வாடுவதை விவசாயி பார்த்தார், காரணத்தை நுண்ணோக்கிதான் பார்த்தது. இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று தடை வந்தபோது எங்கள் ஆட்களுக்குக் கோபம் இருந்தது, நஷ்டமும் இருந்தது. ஆனால் அந்த முடிவை நாடு முழுவதையும் பார்க்கும் ஒருவர்தான் எடுக்க முடியும். எங்கள் ஹட்டியில் ஓட்டுக்கு விட்டிருந்தால் எடுத்திருக்கவே மாட்டோம்.

அதைவிடக் கனமானது இன்னொன்று. எஸ்டேட் துரைக்கும் மேஸ்திரிக்கும் நிலம் நன்றாகத் தெரியும், எந்தக் காட்டில் எத்தனை கிலோ வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். அந்த அறிவை வைத்துக்கொண்டுதான் தலைமுறை தலைமுறையாக ஆட்களை ஒரே அறை லயத்தில் அடைத்து வைத்திருந்தார்கள். வீடு, குடிதண்ணீர், ஆஸ்பத்திரி, பிள்ளைக் காப்பகம் கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னது 1951-ல் நாடாளுமன்றம் போட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம். அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அவ்வளவு கடுமையாக எதிர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. ஊருக்குத் தெரியும் என்றால் ஊரில் யாருக்குத் தெரியும், யார் பேசவே விடப்படவில்லை என்றும் கேட்க வேண்டும். 'ஒருவரை எப்படி நடத்தக் கூடாது' என்பதை மேலே முடிவு செய்யலாம், செய்ய வேண்டும். 'இந்தச் சரிவில், இந்த ஓடையில் என்ன செய்வது' என்பதை மேலே தனியாக முடிவு செய்ய முடியாது. இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நம் அரசியல் நடக்கிறது. எங்கே மேலிடம் உறுதியாக நிற்க வேண்டுமோ அங்கே கை நழுவ விடுகிறார்கள், எங்கே கேட்டுச் செய்ய வேண்டுமோ அங்கே உத்தரவு போடுகிறார்கள்.

டெல்லியை மட்டும் சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. மத்திய, மாநில உறவை ஆராய 1969-ல் ராஜமன்னார் குழு அமைத்தது தமிழ்நாடு. 1974-ல் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டது தமிழ்நாடு. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மறுபடி குழு அமைத்ததும் நாம்தான். இந்த விஷயத்தில் நம் மாநிலத்தைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன் நான். ஆனால் 2016-ல் முடிந்த ஊராட்சிகளின் பதவிக்காலத்துக்கு 2019 டிசம்பர் வரை தேர்தல் இல்லை. 2025 ஜனவரியில் நீலகிரி உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக மறுபடியும் தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். மூன்றே மாதத்தில் சென்னை டெல்லியிடம் அதிகாரம் கேட்டுக் குழு போட்டது. டெல்லியிடம் நாம் சொல்லும் ஒவ்வொரு வாதமும் உண்மை: தூரத்திலிருந்து தெரியாது, எங்கள் மண் வேறு, எங்களிடம் கேளுங்கள். அதே வாதத்தை சேரம்பாடியும் தலைகுந்தாவும் கொடநாடும் சென்னையைப் பார்த்துச் சொல்கின்றன.

எங்கள் பக்கத்தில் சில பேர் சேர்ந்து அடுத்த கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறோம். எஸ்டேட்களிலும் கூட்டுறவுத் தேயிலை ஃபேக்டரிகளிலும் இருக்கும் மழைப் பதிவேடுகளைக் குறிப்புக் கட்டத்தோடு நகலெடுத்து தாலுகா ஆபீஸில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைக்க வேண்டும். ஊற்று கலங்கினால், ரோடு விரிசல் விட்டால் சொல்ல ஒவ்வொரு லயத்திலும் ஹட்டியிலும் ஒருவர், அவர் சொன்னால் எச்சரிக்கை நிறத்துக்குக் காத்திராமல் பள்ளிக்கூடத்தைத் திறந்து விட வி.ஏ.ஓ.வுக்கு அதிகாரம். மேற்குத் தொடர்ச்சி மலை வரைவை சர்வே எண்ணோடு தமிழில் படித்துக் காட்ட வேண்டும். கடைசியாக ஒன்று: இந்தத் தீர்மானத்தை ஏற்க முடியாது என்றால், ஏன் முடியாது என்று எழுத்தில் பதில் வேண்டும்.

கடைசிக் கோரிக்கையை எடுத்துவிடலாம், அதிகாரிகளுக்குக் கோபம் வரும் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. பதில் எழுத உட்கார்ந்தால்தான் மேலே இருப்பவர் தனக்கு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று பார்க்க வேண்டியிருக்கும். 'நிதி இல்லை' என்று வந்தால்கூடச் சரி, எங்களுக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லியிருப்பார். உங்கள் ஊர்க் கிராம சபைத் தீர்மானத்துக்கு இப்படிக் காரணத்தோடு பதில் வாங்கியவர்கள் இருந்தால், மனுவில் என்ன எழுதினீர்கள், யாருக்கு அனுப்பினீர்கள் என்று கீழே எழுதுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன்னால் திருத்திக்கொள்கிறோம்.